விழாத கோபுரம்



தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று, மூன்றாம் ஆண்டு வாசக வரிசையில், லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. அதில் ஒரு கோபுரம் வருகிறது. சீலோவாமில் இருந்த அந்தக் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் மாண்டுபோனார்கள். அவர்கள் யார், என்ன வேலையாக அங்கே நின்றார்கள் என்று நற்செய்தி சொல்லவில்லை. ஊரெல்லாம் பேசிக்கொண்ட விபத்தாக இருந்திருக்க வேண்டும். இயேசு தாமாகவே அந்தப் பேச்சை எடுக்கிறார். இறந்தவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றெல்லாரையும்விடப் பெரிய குற்றவாளிகளா என்று கேட்கிறார். இல்லை என்று பதிலையும் அவரே சொல்கிறார்.

விழுந்த கோபுரத்தைப் பற்றி மறையுரைகள் நிறையக் கேட்டிருப்பீர்கள். இன்று விழாத ஒரு கோபுரத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். சுற்றியிருந்த வீடுகள் இடிந்து, ஊரில் ஆயிரக்கணக்கானோர் மாண்ட ஓர் இரவில் அது அப்படியே நின்றது. அதைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் "அற்புதம்" என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். அந்தச் சொல்லைச் சொல்லலாமா, சொன்னால் எந்தப் பொருளில் சொல்லலாம் என்பதுதான் என் கேள்வி.

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், கருங்காடு என்னும் மலைக்காட்டின் அடிவாரத்தில் பிரைபூர்க் நகரம் இருக்கிறது. அதன் நடுவே நம் அன்னை மரியாவின் பெயரால் ஒரு பெரிய ஆலயம். ஊரார் அதை மூன்ஸ்டர் என்கிறார்கள். செந்நிற மணற்கல்லால் கட்டியது. அதன் மேற்கு முகப்பில் ஒற்றைக் கோபுரம் 116 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. 1330-ஆம் ஆண்டளவில் அது முடிந்துவிட்டது.

"முடிந்துவிட்டது" என்ற சொல்லை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோதிக் காலத்தில் பெரிய கோபுரம் தொடங்காத ஊர் குறைவு. முடித்த ஊர் அதைவிடக் குறைவு. கொலோன் பேராலயத்தில் பாதிக் கோபுரத்தோடு வேலை நின்றுபோய், மேலே இருந்த மரப் பாரந்தூக்கி நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே கிடந்தது. அது முடிந்தது 1880-இல். உல்ம் நகரின் ஆலயக் கோபுரம் உலகத்தின் மிக உயர்ந்தவற்றில் ஒன்று. அதுவும் 1890-இல்தான் முடிந்தது. நாம் இன்று படங்களில் பார்த்து வியக்கும் "பழைய" கோபுரங்கள் பல, நம் தாத்தாக்களின் தாத்தாக்கள் காலத்தவை. பிரைபூர்க் கோபுரம் தன் நூற்றாண்டிலேயே எழும்பி, தன் நூற்றாண்டுக் கல்லோடும் வடிவத்தோடும் இன்றுவரை நிற்பது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இதைக் கட்டியபோது அது பேராலயம் அல்ல, பங்கு ஆலயம். ஆலய வேலையை 1200 வாக்கில் தொடங்கியவர் ஐந்தாம் பெர்த்தோல்டு என்னும் குறுநில மன்னர். அவர் 1218-இல் வாரிசின்றி இறந்தார். அதன்பின் ஊர் மக்களே பாரத்தைத் தாங்கினார்கள். உள்ளே பழைய வண்ணக் கண்ணாடி சாளரங்களைப் பார்த்தால் யார் கொடுத்தார்கள் என்பது தெரியும்: ரொட்டி சுடுகிறவர்கள் கொடுத்ததில் முறுக்கு ரொட்டி, தையற்காரர்கள் கொடுத்ததில் கத்தரிக்கோல், செருப்புத் தைப்பவர்கள் கொடுத்ததில் காலணி. பக்கத்து மலையில் வெள்ளி வெட்டிய சுரங்கத் தொழிலாளரும் ஒரு சாளரம் கொடுத்திருக்கிறார்கள். ஆயர் ஒருவர் தம் இருக்கைக்காகக் கட்டியிருந்தால் நான் இவ்வளவு ஆர்வத்தோடு பேசியிருக்கமாட்டேன். 1821-இல் பிரைபூர்க் உயர்மறைமாவட்டமான பிறகுதான் இது பேராலயமாயிற்று. அதற்குள் கோபுரத்துக்கு ஏறக்குறைய 500 வயது ஆகிவிட்டது.

கோபுரத்தைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்க்கிறார்கள். முதலில் அடிவாரத்தைப் பாருங்கள் என்பேன். ஆலயத்தைச் சுற்றியுள்ள திடலில் இன்றும் காலைதோறும், ஞாயிறு தவிர, சந்தை கூடுகிறது. காய்கறி, பூ, பாலாடைக்கட்டி எல்லாம் விற்கிறார்கள். கோபுர வாசலின் இரு பக்கத்துச் சுவர்களையும் உற்றுப் பார்த்தால் சில கோடுகள் செதுக்கியிருப்பது தெரியும். உருண்டையாக ஒன்று, நீளமாக ஒன்று. அவை ரொட்டியின் அளவுகள். பக்கத்தில் ஆண்டும் பொறித்திருக்கிறது: 1270, 1317, 1320. தானியம் அளக்கும் படியளவு, துணி அளக்கும் முழக்கோல், செங்கல்லும் ஓடும் இருக்க வேண்டிய அளவு ஆகியவையும் உண்டு.

அந்நாளில் தானிய விலை ஏறினால் ரொட்டியின் அளவு சிறுக்கும், இறங்கினால் பெருக்கும். ஆகவே எந்த ஆண்டு எந்த அளவு என்று எல்லாரும் பார்க்கும்படி ஆலயச் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள். 1317 என்பது சாதாரண ஆண்டல்ல. 1315 முதல் வட ஐரோப்பாவில் மழை ஓயாமல் பெய்து பயிர் அழுகி, பெரும் பஞ்சம் வந்த காலம். அந்தப் பஞ்சத்தில் ஓர் ஏழைப் பெண் ரொட்டி வாங்கி, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று சந்தேகப்பட்டால், நாலடி நடந்துவந்து ரொட்டியைச் சுவரில் வைத்துப் பார்க்கலாம். அதற்கு வழக்குமன்றம் போக வேண்டாம். எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம்.

நீளத்திலும் நிறையிலும் கொள்ளளவிலும் நேர்மை வேண்டும் என்று லேவியர் நூல் கட்டளையிடுகிறது. படியைச் சிறிதாக்கி விலையைப் பெரிதாக்கியவர்களை ஆமோஸ் இறைவாக்கினர் கடிந்துகொள்கிறார். நாம் அந்த வாசகங்களைக் கேட்டுவிட்டு ஆலயத்தைவிட்டு வெளியே போகிறோம். பிரைபூர்க் மக்கள் அதை ஆலயத்தின் கல்லிலேயே வெட்டினார்கள். 116 மீட்டர் கோபுரம் ஒரு ரொட்டியின் அளவு மேல் நிற்கிறது என்று எனக்குத் தோன்றும். கட்டடக் கலை வல்லுநர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ.

இனி வாசலுக்குள் வாருங்கள். கோபுரத்தின் அடித்தளமே ஒரு முன்மண்டபம். நடுவே வாசல் தூணில் குழந்தையை ஏந்திய அன்னை. சுவர் முழுக்க 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செதுக்கிய உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. உவமையில் வரும் பத்துத் தோழியரில் முன்மதியுள்ளவர்கள் ஒரு பக்கம், அறிவிலிகள் ஒரு பக்கம். மேலே இறுதித் தீர்ப்பு. இந்த வரிசையில் "உலகத் தலைவன்" என்றொரு இளைஞன் இருக்கிறான். முன்னால் பார்த்தால் நல்ல உடை, மலர்ந்த முகம். சுற்றிப்போய் முதுகைப் பார்த்தால் தேரையும் பாம்பும் ஊர்கின்றன. திருமண வீட்டுக்குப் போவதுபோல் வந்தவர்கள் எல்லாரும் அவனைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். படிக்கத் தெரியாத மக்களுக்கு இது மறைக்கல்வி வகுப்பு.

அதே வாசலருகில் இரண்டு பெண் உருவங்கள் நிற்கின்றன. ஒருத்தி முடி சூடியிருக்கிறாள், அவள் திருச்சபை. மற்றவளின் கண்ணைக் கட்டியிருக்கிறது. அவள் யூதத் தொழுகைக்கூடத்தின் உருவம். அந்நாளில் பல கோதிக் ஆலயங்களில் இப்படிச் செதுக்கினார்கள். அழகான சிலைகள்தான். ஆனாலும் அவற்றின்முன் நின்று படமெடுத்துவிட்டு நகர்ந்துபோக நம்மால் ஆகாது. ஏன் என்று சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

மேலே ஏறுவது குறுகிய சுழற்படி. காவலாளியின் அறைவரை மட்டும் 200 படிகளுக்கு மேல். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே சந்தையில் உட்கார்ந்து காப்பி குடிப்பதே நல்லது. மேலே அந்த அறையில் இருந்த காவலாளி இரவும் பகலும் ஊரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். மரவீடுகள் நிறைந்த ஊரில் நெருப்பு பிடித்தால் முதலில் தெரிய வேண்டியவர் அவர்தான். அந்தத் தொழிலை நினைத்துக்கொண்டு திருப்பாடல்களில் வரும் சாமக் காவலரைப் பற்றி வாசித்தால் வேறு விதமாக ஒலிக்கும்.

மணிகளில் மூத்தவற்றில் ஒன்றின் பெயர் ஓசன்னா. 1258-இல் வார்த்தது; எடை 3,290 கிலோ. அதாவது கோபுரத்தின் உச்சி முடிவதற்கு 70 ஆண்டுகளுக்கு முன்பே மணி தயார். இன்றும் வியாழன் மாலை மூவேளை செபத்துக்குப் பின் அது ஒலிக்கிறது. வியாழன் மாலை என்றால் ஒலிவத் தோட்டத்தில் ஆண்டவர் வியர்வை சிந்திய இரவு நம் நினைவுக்கு வரும். வெள்ளிக்கிழமை முற்பகல் 11 மணிக்கும் ஒலிக்கிறது, பாடுகளின் நாள். அந்தப் பகுதிப் பெண்கள் அதற்கு வைத்த பெயர் "ஸ்பெட்ஸ்லே மணி". ஸ்பெட்ஸ்லே என்பது மாவும் முட்டையும் பிசைந்து கொதிநீரில் போட்டு எடுக்கும் ஓர் உணவு. மணி அடித்தால் உலையில் தண்ணீர் வைக்க வேண்டும் என்று கணக்கு. ஆண்டவரின் பாடுகளை நினைவூட்டும் மணிக்குச் சமையல் மணி என்று பெயரா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நான் சுளிக்கமாட்டேன். சனி மாலையிலும் அது ஒலிக்கிறது.

ஓசன்னா ஒலிக்கும் இன்னொரு நாள் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது: நவம்பர் 27.

அதைச் சொல்வதற்குமுன் கோபுரத்தின் உச்சியைப் பார்த்துவிடுவோம். கீழே சதுரமாகத் தொடங்கி, மேலே எண்கோணமாக மாறி, அதற்கும் மேல் 45 மீட்டருக்கு மேற்பட்ட ஒரு கூம்பாக அது முடிகிறது. அந்தக் கூம்பின் எட்டுப் பக்கமும் கல்லால் பின்னிய சல்லடை. கூரை இல்லை, ஓடு இல்லை, பலகை இல்லை. உள்ளே நின்று நிமிர்ந்து பார்த்தால் கல் வேலைப்பாட்டின் இடையே வானம் தெரிகிறது. மழை பெய்தால் உள்ளே விழும். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். இப்படி முழுதும் திறந்த கல்கூம்பை இவ்வளவு பெரிதாக முதலில் கட்டி முடித்தது இங்கேதான். பயன் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. மழைக்கு ஒதுங்கக்கூட உதவாத கூம்புக்கு அந்த ஊர்க்காரர்கள் பணம் கொடுத்தார்கள். சந்தைக்கு வேண்டிய அளவுகளைக் கீழே வெட்டியவர்களே மேலே இதையும் கட்டினார்கள்.

கற்கள் ஒன்றோடொன்று எப்படிப் பிடித்திருக்கின்றன? கூம்பைச் சுற்றி வளையம் வளையமாக இரும்புப் பிணைப்புகள் ஓடுகின்றன. கல்லுக்கும் இரும்புக்கும் இடையே ஈயத்தை உருக்கி ஊற்றியிருக்கிறார்கள். ஈயம் மிருதுவான உலோகம். அசைவு வந்தால் சற்று வளைந்து கொடுக்கும்.

1944 நவம்பர் 27 மாலை, ஏறக்குறைய எட்டு மணிக்கு, பிரிட்டிஷ் போர் விமானங்கள் பிரைபூர்க் மேல் வந்தன. சுமார் 20 நிமிடம் குண்டு பொழிந்தார்கள். ஆலயத் திடலின் மேற்கிலும் வடக்கிலும் இருந்த வீடுகள் எல்லாம் போயின. பழைய நகரத்தின் பெரும்பகுதி கல்லும் சாம்பலுமானது. ஏறக்குறைய 2,800 பேர் இறந்தார்கள். விடிந்தபோது இடிபாடுகளின் நடுவே கோபுரம் நின்றது. ஆலயக் கூரையின் ஓடுகள் பறந்துவிட்டன. வண்ணக் கண்ணாடிகளை முன்பே கழற்றிப் பத்திரப்படுத்தியிருந்ததால் அவை பிழைத்தன. கோபுரத்துக்குப் பெரிய சேதமில்லை. அந்த ஈயப் பிணைப்புகள் அதிர்வைத் தாங்கிக்கொண்டன என்று காரணம் சொல்கிறார்கள். சல்லடைக் கூம்பு என்பதால் வெடிப்பின் காற்றழுத்தம் உள்ளே புகுந்து வெளியே போய்விட்டது என்றும் சொல்வார்கள்.

அன்பார்ந்தவர்களே, இங்கேதான் "அற்புதம்" என்ற சொல் வருகிறது. கடவுள் தம் ஆலயத்தைக் காத்தார் என்கிறோம். நல்லது. அப்படியானால் திடலின் மேற்குப் பக்கத்து வீட்டில் பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்த தாயை ஏன் காக்கவில்லை? கல்லின்மேல் இருந்த அக்கறை அவள்மேல் இல்லையா? ஒரு குடும்பம் விபத்தில் தப்பினால், "ஆண்டவர் எங்களைக் காப்பாற்றினார்" என்று நன்றித் திருப்பலி கேட்டு வருகிறார்கள். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொடுக்கிறோம். அதே விபத்தில் மகனை இழந்த தாய் அதே ஆலயத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அந்தக் கருத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். குருவாக இருக்கும் எவருக்கும் இது தெரிந்த வேதனை. தப்பியவர் நன்றி சொல்லட்டும், சொல்லத்தான் வேண்டும். ஆனால் தப்பியதைச் சான்றிதழாகக் காட்டக்கூடாது. கோபுரம் நின்றதற்கு ஈயமும் இரும்பும், 600 ஆண்டுகளுக்குமுன் செம்மையாக வேலை செய்த கொத்தர்களின் கையும் காரணம் என்று சொல்வதால் கடவுளின் மாட்சி குறைந்துபோகாது. நல்ல வேலையும் அவர் கொடைதான்.

இதன் மறுபக்கமும் உண்டு. அந்த நகரத்தின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று சொல்லத் துணிகிறவர்களும் இருக்கிறார்கள். பாவம் இல்லாமலில்லை. கண்கட்டிய சிலையை நினைவில் வையுங்கள். கோபுரம் முடிந்து 20 ஆண்டுகூட ஆகவில்லை. 1349 சனவரியில், கொள்ளைநோய்க் காலத்தில், கிணறுகளில் நஞ்சு கலந்தார்கள் என்ற பொய்ப் பழியின்பேரில் பிரைபூர்க் யூதர்களை எரித்தார்கள். ரொட்டிக்கு நேர்மையான அளவை வெட்டி வைத்த அதே ஊர். 1938 நவம்பரில் அங்கிருந்த தொழுகைக்கூடத்தை நாசிகள் எரித்தார்கள். 1940 அக்டோபர் 22 அன்று பாடன் பகுதி முழுவதும் யூதர்களைப் பிடித்து, பிரான்சின் கூர்ஸ் முகாமுக்கு ரயிலேற்றினார்கள். பிரைபூர்க் யூதர்களும் அவர்களில் இருந்தார்கள். எல்லாம் இந்தக் கோபுரத்தின் நிழலில் நடந்தவை. யூதர்களைக் கடவுள் தள்ளிவிட்டார் என்று எவரும் போதிக்கக்கூடாது என்று திருச்சபை இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தில், 1965-இல், தெளிவாக அறிவித்தது. அந்தச் சிலைக்குத் தாமதமாக வந்த மறுமொழி அது.

அப்படியிருந்தும் குண்டுகளைத் தண்டனை என்று சொல்ல இயேசு நம்மை விடமாட்டார். தண்டனை என்றால் ஆளைப் பார்த்து விழுந்திருக்க வேண்டுமே! தொழுகைக்கூடத்துக்குத் தீ வைத்தவனும் அந்த ஊரில் இருந்தான், அதை நினைத்து அழுதவனும் இருந்தான். குண்டு விசாரிக்கவில்லை.

அந்த ஊரில் கெர்த்ரூது லுக்னர் என்ற பெண் இருந்தார். ஜெர்மன் காரித்தாஸ் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் வேலை. பேராயரின் ஆதரவோடு யூதர்களுக்கு உணவும் பணமும் கொண்டுபோனார், சிலரை எல்லை கடக்கவும் வைத்தார். 1943 மார்ச்சில், பெர்லினில் எஞ்சியிருந்த யூதர்களுக்குக் கொடுக்கப் பணம் எடுத்துக்கொண்டு ரயிலில் போனபோது காவலர்கள் பிடித்தார்கள். ராவன்ஸ்புரூக் வதைமுகாமில் போர் முடியும்வரை கிடந்தார். பிரைபூர்க் எரிந்த இரவில் அவர் அங்கேதான் இருந்தார். ஆகவே குண்டுக்குத் தப்பினார் என்று சொல்ல வேண்டுமா? இப்படிக் கணக்குப் போடத் தொடங்கினால் எங்கே போய் நிற்போம் என்று பாருங்கள். திரும்பி வந்தவர் இடிந்த அந்த ஊரிலேயே குடியிருந்து, கிறிஸ்தவர்களுக்கும் யூதர்களுக்கும் இடையே ஒப்புரவு உண்டாக 1948 முதல் ஒரு சுற்றிதழ் நடத்தினார். 1995-இல் இறக்கும்வரை அந்த வேலையை விடவில்லை.

சீலோவாமைப் பற்றிச் சொன்னவுடன் இயேசு ஓர் உவமை சொல்கிறார். மூன்று ஆண்டாகக் காய்க்காத அத்திமரம். வெட்டிவிடு என்கிறார் உரிமையாளர். இந்த ஆண்டும் விட்டுவையுங்கள், சுற்றிலும் கொத்தி எரு போடுகிறேன் என்கிறார் தோட்டக்காரர். தப்பி நிற்கும் மரத்துக்குப் பெருமை எதுவும் இல்லை, வேலைதான் காத்திருக்கிறது. யார் குற்றவாளி என்று கேட்டவர்களிடம், நீங்கள் மனம் மாறுங்கள் என்று சொன்னவர், உடனே மண்ணைக் கொத்துகிற ஒருவரைக் காட்டுகிறார்.

பிரைபூர்க் கோபுரத்துக்கும் அப்படித்தான். அது "காக்கப்பட்ட கோபுரம்" என்று எவரும் சும்மா இருக்க முடியவில்லை. 2005-இல் கூம்பின் மூலைக்கற்களில் ஆழமான விரிசல்களைக் கண்டுபிடித்தார்கள். இரும்பு வளையங்கள் செல்லும் இடத்தில் கற்கள் சுமை தாங்காமல் பிளந்திருந்தன. 2006-இல் சாரம் கட்டினார்கள். 600 ஆண்டுக் கூம்பைப் பிரிக்காமல், நின்ற நிலையிலேயே பழுதான கற்களை எடுத்துப் புதுக்கல்லைப் பொருத்தினார்கள். கூம்பைச் சாரமின்றி மக்கள் மறுபடி பார்க்க 2018 ஆயிற்று. பிரைபூர்க்கில் அந்த ஆண்டு பன்னிரண்டு வயதான பிள்ளைகள், தங்கள் ஊர்க் கோபுரத்தைச் சாரத்தோடு மட்டுமே கண்டு வளர்ந்தவர்கள்.

இந்த வேலைக்குப் பொறுப்பான சங்கத்தை ஊர் மக்கள் 1890-இல் தொடங்கினார்கள். அதன் கல்தச்சர் பட்டறை ஆலயத்துக்கு அருகிலேயே இருக்கிறது. 2020-இல் யுனெஸ்கோ, ஐரோப்பாவின் இத்தகைய ஆலயப் பட்டறைகள் தொழிலைக் கைமாற்றிக் காத்துவரும் முறையைத் தன் நல்ல நடைமுறைகள் பட்டியலில் சேர்த்தது. பிரைபூர்க் பட்டறையும் அதில் ஒன்று. மழை அரித்த பூவேலைக் கல்லின் அளவை எடுத்து, அதே வடிவில் புதிதாக உளியால் செதுக்குகிறார்கள். செதுக்கிய கல் 70, 80 மீட்டர் மேலே போய் அமரும். சந்தைக்கு வருகிறவர்களில் ஒருவருக்கும் அது கண்ணில் படாது. ஒரு முனையிலிருந்து தொடங்கி மறுமுனைக்குப் போவதற்குள் முதலில் செய்த இடத்தில் மறுபடி வேலை வந்துவிடும்.